உட்தலையைப் பார்க்கப் பழகுதல்: கிட் விமானம் கட்டுவோர் பாப் ரிவெட்டின் தரத்தைச் சோதிக்கும் முறை

தகடுகளை ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து இறுக்கிச் சேர்க்கும் பாப் ரிவெட் நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் புதியதன்று. அலுமினியக் கதவு, ஜன்னல், பேருந்தின் பக்கத் தகடு, கடைப் பெயர்ப்பலகை என எங்கு பார்த்தாலும் அது இருக்கிறது. கதவில் அடித்த ரிவெட் ஓராண்டில் தளர்ந்தால் பக்கத்தில் இன்னொன்றை அடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்போடுதான் பெரும்பாலோர் அதைக் கையாளுகிறார்கள். அந்தப் பழக்கம், பெட்டியில் வந்த தகடுகளைக் கொண்டு சிறு விமானம் கட்டத் தொடங்குபவருக்கு முதல் இடையூறாகிறது. செனித் சிஎச் 750, வான்ஸ் ஆர்வி-12 போன்ற கிட் விமானங்களின் உடலும் இறக்கையும் பெரும்பாலும் இத்தகைய ரிவெட்டுகளால்தான் சேர்க்கப்படுகின்றன. ஒரு விமானத்தில் அவை ஆயிரக்கணக்கில் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு பாதி கட்டுபவரின் கண்ணுக்கு மறைவாகவே உருவாகும்.

கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டின் இரண்டாங்கட்டில் நானும் அண்ணன் மகனும் ஒரு சுக்கானைக் கட்டப் பழகிய காலத்தில், முதல் நாளே நாற்பது ரிவெட்டுகளுக்கு மேல் இழுத்துவிட்டோம். “சித்தப்பா, எல்லாத்துலயும் டக்குன்னு சத்தம் வந்துருச்சு, அப்ப சரிதானே?” என்று அவன் கேட்டான், சரி என்றுதான் நானும் சொன்னேன். மறுநாள் காலை கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, ஒரு வரிசை முழுவதும் தகட்டுக்கும் அதை உள்ளிருந்து தாங்கும் விலாச்சட்டத்துக்கும் நடுவே மெல்லிய நிழற்கோடு தெரிந்தது. துளையிடும்போது விளிம்பில் எழும் பிசிறை நாங்கள் எடுக்கவில்லை. அந்த வரிசை முழுவதையும் கழற்ற வேண்டியதாயிற்று. அன்று கற்றதையும் அதன்பின் கற்றதையும் புதிதாகத் தொடங்குவோர் படிப்படியாகச் செய்து பார்க்கும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்து முடித்ததும் கொத்தனார் விரலால் தட்டிப் பார்ப்பார். அடியில் கலவை நிறையாத இடம் வேறு ஒலி தரும். ரிவெட்டில் காது அவ்வாறு உதவுவதில்லை. அந்த ‘டக்’ என்ற ஒலி, நடுத்தண்டு முறிந்தது என்பதை மட்டுமே அறிவிக்கிறது. தகடுகள் நெருங்கினவா, மறுபுறத்தில் விரியும் உட்தலை பிடித்ததா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ரிவெட்டின் உள்ளே நடப்பது

ரிவெட்டில் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, தலையுடன் கூடிய குழாய் போன்ற உடல். விமான வேலையில் இது பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. மற்றொன்று, அதன் நடுவே செல்லும் தண்டு. பல வகைகளில் இது எஃகு. தண்டின் மறுமுனையில் குமிழ் போன்ற ஒரு தலை இருக்கும். ரிவெட் கன் தண்டைத் தன் பக்கம் இழுக்கும்போது அந்தக் குமிழ் உடலின் வால்பகுதியை நசுக்கி விரிக்கிறது, தகடுகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது, குழாய்ச் சுவரைத் துளையின் சுவர்மீது தள்ளி நிரப்புகிறது. இழுவிசை ஓர் அளவை எட்டியதும், தண்டில் முன்கூட்டியே மெலிதாக்கப்பட்ட இடத்தில் அது முறிகிறது.

முறிவு என்பது விசையின் அளவு மட்டுமே. தகடுகளுக்கு நடுவே ஒரு பிசிறு சிக்கியிருந்தாலும் அதே விசையில்தான் தண்டு முறியும். துளை பெரிதாக இருந்தாலும் முறியத்தான் செய்யும். ஆகவே ரிவெட்டின் தரம் இழுப்பதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். துளையும் தகடும் சரியாக இருந்தால், மோசமான ரிவெட்டை உண்டாக்குவதுதான் கடினம்.

இந்த ரிவெட் பிறந்ததே விமானத்திற்காகத்தான் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். ஹாமில்டன் வைலி என்ற பொறியாளர் குழாய் ரிவெட்டுகளை மூடும் முறைக்கு 1916-இல் காப்புரிமை கோரினார். பின்னர் ஆம்ஸ்ட்ராங் விட்வர்த் விமான நிறுவனத்தில் சேர்ந்து, ஒரு பக்கத்திலிருந்தே தண்டை இழுத்து அடிக்கும் முறையை 1927-இல் காப்புரிமையாக்கினார். சிஸ்கின் போர்விமானத்தின் கட்டுமானத்தில் அம்முறை பயன்பட்டது.

பெட்டியில் வந்த ரிவெட் மட்டுமே

கிட் நிறுவனம் அனுப்பிய ரிவெட் தீர்ந்துபோனால், ஹார்டுவேர் கடையில் அதே அளவில் கிடைப்பதை வாங்கிப் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கூடாது. கடை ரிவெட்டின் உடல் எந்தக் கலவை, தண்டு எவ்விசையில் முறியும், முறிந்தபின் தண்டின் தலை உள்ளேயே நிற்குமா அல்லது உதிர்ந்துவிடுமா என்பவற்றுக்கு எந்த உறுதியும் இல்லை. தண்டின் தலை உதிர்ந்த ரிவெட் வெறும் குழாய். பக்கவாட்டில் வெட்டும் விசையைத் தாங்க அதில் குறைந்த உலோகமே மிஞ்சும்.

செனித் விமானங்களில் ஏவெக்ஸ் வகை ரிவெட்டுகள் பயன்படுகின்றன. ஏ4 என்றால் 1/8 அங்குல விட்டம், ஏ5 என்றால் 5/32 அங்குல விட்டம். எழுத்துக்குப் பின்னுள்ள எண் 32-இல் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கிறது. அந்த ரிவெட்டுகள் வரும்போது தலை தட்டையாக இருக்கும். கன்னின் மூக்குத் துண்டில் குழிவு கடைந்திருப்பதால், இழுக்கும் விசையிலேயே தலை குவிந்து கவிழ்ந்து தகட்டைப் பிடிக்கிறது. கடையில் வாங்கிய கன்னின் தட்டை மூக்கைக் கொண்டு இவற்றை இழுத்தால் தலையின் விளிம்பு தகட்டில் படியாமல் தூக்கி நிற்கும். குழிவான மூக்குத் துண்டு ஒவ்வொரு விட்டத்துக்கும் தனித்தனி. வேலை தொடங்கும் முன் அதைச் சரிபார்ப்பது பத்து விநாடி வேலைதான்.

செர்ரிமேக்ஸ் போன்ற, பூட்டுவளையம் உள்ள கட்டமைப்பு ரிவெட்டுகளுக்குச் சோதனை அளவுகோல் வேறு. அங்கே தண்டும் பூட்டுவளையமும் தலையின் மட்டத்தில் நிற்க வேண்டும். அவற்றின் ஏற்றத்தாழ்வுக்கு உற்பத்தியாளர் வரம்பு கொடுத்திருப்பார். ஒரு வகைக்குரிய அளவுகோலை இன்னொரு வகையின்மீது சாற்றக் கூடாது.

முதல் படி: பயிற்சித் துண்டை வெட்டிப் பார்த்தல்

புதிதாகத் தொடங்குபவர் விமானத்தின் எந்த உறுப்பையும் தொடுவதற்கு முன் ஒரு வாரத்தை இதற்குச் செலவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். கண்ணுக்குத் தெரியாத உட்தலையை ஒருமுறை வெட்டிப் பார்த்தவருக்கு, பிறகு வெளித்தலையைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் தெளிவு வந்துவிடுகிறது. வேறு எந்த வழியிலும் அது வருவதில்லை.

கிட்டில் உள்ள அதே கலவை, அதே தடிமனுள்ள தகட்டில் 25 மி.மீ. அகலமும் 150 மி.மீ. நீளமும் உள்ள பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். செனித் கிட்டுகளில் 6061-டி6 என்ற அலுமினியக் கலவைத் தகடு 0.016 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.4 மி.மீ. முதல் பல தடிமன்களில் வரும். எது எதனோடு சேர்கிறதோ, அதே சேர்க்கையில் பயிற்சித் துண்டும் இருக்க வேண்டும். முதல் பட்டையில் எல்லாவற்றையும் சரியாகச் செய்து ஐந்து ரிவெட் இழுங்கள். அடுத்த பட்டைகளில் வேண்டுமென்றே தவறு செய்யுங்கள்: ஒன்றில் பிசிறை எடுக்காமல் விடுங்கள்; ஒன்றில் இரு தகடுகளுக்கும் இடையே மடித்த காகிதத்தை வைத்து இழுங்கள்; ஒன்றில் துளையை அரை மி.மீ. பெரிதாக்குங்கள், ஒன்றில் கன்னைச் சாய்த்துப் பிடியுங்கள், ஒன்றில் மூன்று, நான்கு தகடுகளை அடுக்கி ரிவெட்டின் பிடிப்பளவை, அதாவது அது பிடிக்கக்கூடிய மொத்தத் தடிமனை, மீறச் செய்யுங்கள்.

பின்பு ஒவ்வொன்றையும் வைஸில் பிடித்து, ரிவெட்டின் நடுக்கோட்டுக்கு ஓரிரு மி.மீ. தள்ளி ஹேக்சாவால் அறுத்து, மீதியை அரத்தால் தேய்த்து நடுக்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தண்டு எஃகு, உடல் அலுமினியம் என்பதால் அரம் மென்மையான பக்கத்தையே அதிகம் தின்னும். அரத்தைத் தட்டையாகவும் மெதுவாகவும் ஓட்டினால்தான் வெட்டு முகம் மட்டமாக வரும். கடைசியில் 220-ஆம் எண், பிறகு 400-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

நல்ல ரிவெட்டின் வெட்டு முகத்தில் இரு தகடுகளும் ஒரே கோடாக ஒட்டியிருக்கும், குழாய்ச் சுவர் துளையின் சுவரோடு இடைவெளியின்றிப் படிந்திருக்கும், உட்தலை இருபுறமும் சமமாகப் புடைத்துத் தகட்டின்மீது உட்கார்ந்திருக்கும், தண்டின் குமிழ் அதற்குள் அகப்பட்டு நிற்கும். காகிதம் வைத்து இழுத்ததில் குழாய்ச் சுவர் இரு தகடுகளுக்கும் நடுவிலேயே பிதுங்கி ஒரு வளையமாகியிருப்பதைக் காண்பீர்கள். அந்த வளையம் உருவானபின் தகடுகள் ஒருபோதும் நெருங்கா, எத்தனை முறை அழுத்தினாலும். பெரிய துளையில் உட்தலை தகட்டுக்குள் இறங்கப் பார்த்திருக்கும். பிடிப்பளவை மீறியதில் உட்தலை சிறுத்து, தண்டு மேலேயே முறிந்து முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இந்த வெட்டுத் துண்டுகளை ஒரு பலகையில் ஒட்டி, எது எந்தத் தவறு என்று எழுதிச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறோம். வேலை செய்யும்போது ஐயம் வந்தால் புத்தகத்தைவிட அந்தப் பலகைதான் முதலில் துணைக்கு வருகிறது.

இன்னொரு துண்டை வைஸில் பிடித்து, மேல் தகட்டைக் குறட்டால் பற்றி உரித்துப் பாருங்கள். மெல்லிய தகட்டில் நல்ல இணைப்பு என்றால் ரிவெட் நிற்க, அதைச் சுற்றித் தகடுதான் கிழியும். ரிவெட் முழுசாகத் துளையிலிருந்து நழுவி வந்தால், துளையிலோ ரிவெட் தேர்விலோ பிழை இருக்கிறது.

முதல் வாரத்தோடு இது முடிந்துவிடுவதில்லை. புதிய ரிவெட் பெட்டியைத் திறக்கும்போதும், தண்டைக் கவ்வும் கன்னின் தாடைகளையோ மூக்குத் துண்டையோ மாற்றும்போதும், பல நாள் இடைவெளிக்குப் பின் வேலையைத் தொடரும்போதும் ஒரு பயிற்சித் துண்டை இழுத்து அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் விமானத்தைத் தொடுகிறோம்.

இரண்டாம் படி: துளை

ஏ4 ரிவெட்டுக்கு 30-ஆம் எண் டிரில் பிட், அதாவது 3.26 மி.மீ. வேண்டும், ஏ5-க்கு 20-ஆம் எண், 4.09 மி.மீ. நம் ஊர்க் கடைகளில் 3.2 மி.மீ. பிட்தான் எளிதில் கிடைக்கிறது. ரிவெட்டின் பெயரளவு விட்டம் 3.175 மி.மீ. என்பதால் அது போதும் என்று தோன்றும். ஆனால் ரிவெட்டின் உடலில் சிறு கூடுதல் இருந்தாலே துளைக்குள் அதைத் தட்டி இறக்க வேண்டிவரும். தட்டியதும் தலை வளையும். எண் கொண்ட பிட்டுகளைத் தருவித்து வைத்துக்கொள்வதே நல்லது. முனை மழுங்கிய பிட் மூன்று மூலையுள்ள துளையைப் போடும். அதில் ரிவெட் ஒருபோதும் நிறையாது. பிட்டைச் செலவுப்பொருளாகக் கருதி அடிக்கடி மாற்றுங்கள்.

துளையின் நடுவிலிருந்து தகட்டின் விளிம்பு வரையுள்ள தூரம் ரிவெட் விட்டத்தின் இருமடங்குக்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்க விமானத்துறையின் ஏசி 43.13-1பி கையேடு கூறும் பொது விதி. ஏ4-க்கு அது ஏறத்தாழ 6.4 மி.மீ., ஏ5-க்கு 8 மி.மீ. கிட்டின் வரைபடம் இதைவிட அதிகமாகக் கேட்டால் வரைபடமே முதன்மை. ஒவ்வொரு துளையையும் அளக்க வேண்டியதில்லை. வரிசையின் இரு கடைசிகளையும், விலாச்சட்டம் வளைந்து ஒதுங்கும் இடங்களையும் அளந்தால் போதும். தவறு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

துளையிட்டபின் தகடுகளைக் கட்டாயம் பிரித்து, இரு முகங்களிலும் பிசிறை எடுத்து, சீவல்களைத் துடைத்து, மீண்டும் கிளெக்கோவால், அதாவது தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் கவ்வியால், பூட்ட வேண்டும். பிரிப்பதற்குச் சோம்பல்பட்டுத்தான் எங்கள் முதல் வரிசை பாழானது. பெரிய பிட்டைக் கையில் பிடித்து ஒரே ஒரு சுற்றுச் சுற்றினால் பிசிறு வந்துவிடும். அதற்குமேல் சுற்றினால் துளையின் வாய் சரிந்து, மெல்லிய தகட்டில் கத்தி முனை போலாகிவிடும். விரல் நுனியால் தடவிப் பார்த்து வழவழப்பானதும் நிறுத்துங்கள்.

கிளெக்கோவின் நிறம் அளவைச் சொல்லும்: வெள்ளி நிறம் 3/32, செம்பு நிறம் 1/8, கறுப்பு 5/32 அங்குலம். 1/8 துளையில் வெள்ளிக் கிளெக்கோவைப் போட்டால் தகடு மெல்ல நகர்ந்துவிடும். துளைகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் எட்டு போலத் தெரிந்தால் ரிவெட்டைத் திணிக்காதீர்கள்.

மூன்றாம் படி: வெயிலும் செம்மண்ணும்

இது எங்கள் ஊருக்கே உரிய படி. செட்டிநாட்டு வீட்டின் வளவில் காலைக்கும் உச்சிக்கும் இடையே வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 0.023 மி.மீ. நீள்கிறது. இரண்டு மீட்டர் நீளமுள்ள மேல்தகடு வெயிலிலும் அதன் சட்டம் நிழலிலும் கிடந்து, இரண்டுக்கும் பத்துப் பாகை வேறுபாடு வந்தால், நீள வேறுபாடு அரை மி.மீட்டரை நெருங்கும். 3.26 மி.மீ. துளைக்கு அது மிகப் பெரிய பிழை. சூடான தகட்டைச் சட்டத்தில் ரிவெட் செய்தால், ஆறியதும் ஒவ்வொரு ரிவெட்டும் பக்கவாட்டில் இழுபட்டு நிற்கும். ஆகவே இரண்டும் ஓரிரவு ஒரே நிழலில் கிடந்தபின், விடிகாலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் நீண்ட வரிசைகளை முடித்துவிடுகிறோம். பகல் முழுவதும் சிறு உறுப்புகளுக்கு ஒதுக்கப்படுகிறது.

செம்மண் தூசி இன்னொரு சங்கடம். காற்றடிக்கும் நாளில் ஒரு மணி நேரத்தில் தகட்டின்மேல் மெல்லிய படலம் விழுந்துவிடும். அதில் மணல் துகள் ஒன்று தகடுகளுக்கு இடையே போனால் பிசிறு செய்யும் அதே கேட்டைச் செய்யும். பூட்டுவதற்கு முன் எண்ணெய்ப் பசையற்ற துணியால் இரு முகங்களையும் துடைத்துவிடுங்கள்.

நான்காம் படி: இழுத்தல்

வரிசையின் நடுவில் தொடங்கி இருபுறமும் செல்லுங்கள். முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாக இழுத்து, பின்பு கிளெக்கோக்களைக் கழற்றி மீதியை நிரப்புங்கள். இரு கடைசியிலும் தொடங்கி நடுவுக்கு வந்தால், மிஞ்சிய தகடு நடுவில் உப்பி நின்று, அழுத்தினால் டப்பா மூடி போலக் குழிந்து எழும்பும்.

ரிவெட் துளைக்குள் விரல் அழுத்தத்திலேயே இறங்கித் தலை தகட்டைத் தொட வேண்டும். கன்னைத் தகட்டுக்குச் செங்குத்தாக வைத்து, மூக்கைத் தலையின்மீது உறுதியாக அழுத்திக்கொண்டு இழுங்கள். விலாச்சட்டம் உள்ளே தள்ளிப்போகும் இடமானால் மறுகையால் அல்லது மரக்கட்டையால் அதை மேலே தாங்குங்கள். காற்றுக் கன் வழக்கமாக ஒரே இழுப்பில் முடிக்கும். இரண்டு மூன்று இழுப்பு தேவைப்படத் தொடங்கினால் எண்ணெய் குறைந்ததா, தாடைகளில் உலோகத் தூள் அடைந்ததா என்று பாருங்கள். இழுத்த தண்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்து, வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். எண்ணிக்கை ரிவெட்டுகளோடு ஒத்துவராவிட்டால் ஒன்று விமானத்துக்குள் கிடக்கிறது என்று பொருள். எஃகுத் தண்டானால் கயிற்றில் கட்டிய காந்தம் அதை எடுத்துவிடும். கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஓடும் இடத்தில் ஒரு தண்டைக்கூட விட்டுவைக்கக் கூடாது.

ஐந்தாம் படி: வெளித்தலையைப் படித்தல்

எல்லா ரிவெட்டையும் ஒன்று விடாமல் பார்க்க வேண்டும். மாதிரிக்குச் சிலவற்றைப் பார்த்தல் தொழிற்சாலைக்குப் பொருந்தலாம். ஒருவரே துளையிட்டு ஒருவரே இழுக்கும் வீட்டு வேலையில் ஒவ்வொரு ரிவெட்டும் வெவ்வேறு மனநிலையில், வெவ்வேறு கைக்களைப்பில் பிறக்கிறது. இழுத்த அன்றே பார்க்காமல் மறுநாள் காலை பார்ப்பது என் வழக்கம். களைத்த கண் தான் செய்ததை மன்னித்துவிடும்.

கைவிளக்கைத் தகட்டோடு தகடாகச் சாய்த்துப் பிடித்தால், தலை படிந்திருக்கும் இடத்தில் நிழல் முழுவட்டமாகவும் சமமாகவும் விழும். ஒரு பக்கம் தடித்த நிழல் தெரிந்தால் தலை சாய்ந்திருக்கிறது. துளை சரிந்ததோ கன் சாய்ந்ததோ காரணம். அந்த இடத்தில் இடைவெளியை அளக்கும் மெல்லிய எஃகுத் தகடான 0.05 மி.மீ. ஃபீலர் கேஜைத் தலைக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். ஓரத்தில் சிறிது கவ்வி நின்றுவிட்டால் விட்டுவிடலாம். உடலைத் தொடும் அளவுக்கு உள்ளே போனால் அந்த ரிவெட் கழற்றத்தக்கது. அதே கேஜை இரு தகடுகளின் விளிம்பிலும் நுழைத்துப் பாருங்கள். தலை நன்றாகப் படிந்து, தகடுகளுக்கு இடையே இடைவெளி இருப்பது புதியவர்கள் அதிகம் தவறவிடும் பிழை, ஏனெனில் மேலிருந்து பார்த்தால் ரிவெட் அழகாகவே இருக்கும்.

தலையைச் சுற்றித் தகடு குழிந்திருந்தால் அடியிலுள்ள சட்டம் தகட்டைத் தொடவில்லை என்று கொள்ளுங்கள். ஒரு ரிவெட்டில் குழிவு தெரிந்தால் அதன் இருபுறமுள்ள இரண்டிரண்டு ரிவெட்டுகளையும் ஐயத்தோடு பாருங்கள்.

அடுத்து, தண்டு முறிந்த இடம். ஏவெக்ஸ் போன்ற வகைகளில் தண்டு தலையின் மட்டத்துக்குச் சற்று உள்ளேயே நிற்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிடிப்பளவு, துளை, கன்னின் தாடை ஆகிய மூன்றில் ஒன்று பிழை. நீட்டிய முனையை அரத்தால் தேய்த்து மட்டமாக்குவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அது பிழையை அகற்றுவதில்லை. அடுத்துப் பார்ப்பவரின் கண்ணிலிருந்து அதை மறைக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாறாக, தலையின் நடுத்துளை வழியே மறுபுறத்து வெளிச்சம் தெரிந்தால் தண்டின் குமிழ் உதிர்ந்துவிட்டது. அந்த ரிவெட்டும் கழற்றத்தக்கதே.

கடைசியாகத் தலையை விரல் நகத்தால் திருக முயலுங்கள். சுழலும் ரிவெட் துளையை நிரப்பவில்லை.

பார்த்து முடித்த ரிவெட்டின் அருகே மார்க்கரால் பச்சைப் புள்ளி, கழற்ற வேண்டியதற்குச் சிவப்பு வட்டம். பென்சிலால் ஒருபோதும் குறிக்காதீர்கள். அதிலுள்ள கிராஃபைட் ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும்.

ஆறாம் படி: உட்தலை

கை நுழையும் இடமெல்லாம் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியால் பாருங்கள். நுழையாத இடத்துக்குக் கைபேசியில் இணையும் எண்டோஸ்கோப் கேமரா இப்போது எளிதாகக் கிடைக்கிறது. உட்தலை வட்டமாக, சமமாகப் புடைத்து, தகட்டைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் புடைத்திருந்தாலோ, தகட்டுக்கும் உட்தலைக்கும் நடுவே குழாயின் கழுத்துத் தெரிந்தாலோ, விளிம்பில் பிளவு ஓடியிருந்தாலோ சிவப்பு வட்டம்தான். பிளவு ஐயத்துக்குரியதாக இருந்தால் பலகையிலுள்ள நல்ல துண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உறுப்பை மூடும் கடைசித் தகட்டைப் பூட்டியபின் உள்ளே பார்க்க முடியாது. ஆகவே அந்தத் தகட்டுக்கு முன்பு ஒரு நாள் முழுவதும் உள்ளேயுள்ள எல்லாவற்றையும் பார்த்து, நிழற்படம் எடுத்து, உதிர்ந்த தண்டு, சீவல் எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும். மூடும்போது கட்டுபவரைத் தவிர வேறு ஒருவரும் பார்க்கட்டும். விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவரானாலும், ஒன்று மற்றவற்றைப் போல இல்லை என்பதை அவர் கண் கண்டுபிடித்துவிடும். எங்கள் வீட்டு ஆச்சி இப்படி இரண்டு ரிவெட்டுகளைக் காட்டிக்கொடுத்தார்.

கழற்றும் முறை

மோசமான ரிவெட்டை அப்படியே டிரில் செய்தால் பிட் எஃகுத் தண்டில் வழுக்கித் தகட்டில் ஏறிவிடும். முதலில் தகட்டுக்கு அடியில் மரக்கட்டையைத் தாங்கலாக வைத்து, ‘பின் பஞ்ச்’ எனப்படும், தண்டைவிடச் சற்றுச் சிறிய எஃகுக் கம்பிக் கருவியால் அதைத் தட்டி உள்ளே தள்ளிவிடுங்கள். பின்பு துளைக்குப் பயன்படுத்திய அதே பிட்டால் தலை மட்டும் பிரியும் அளவுக்கு டிரில் செய்யுங்கள். தலை பிட்டோடு சுழலத் தொடங்கினால் தட்டையான முனையால் அதைப் பிடித்து நிறுத்துங்கள், சுழல விட்டால் அது துளையைக் கடைந்துவிடும். தலை பிரிந்ததும் உடலை அதே கருவியால் தள்ளி, உள்ளே விழுந்த துண்டுகள் அத்தனையும் எடுக்கப்பட்டதை உறுதி செய்யுங்கள். அலுமினிய உடல் காந்தத்தில் ஒட்டாது என்பதை மறவாதீர்கள்.

துளை வட்டமாகவும் அளவாகவும் இருந்தால் அதே ரிவெட். நீண்டிருந்தால் ஏ4-க்குப் பதில் ஏ5-க்குப் போகலாம். ஆனால் விளிம்புத் தூரம் அதற்குப் போதுமா, வடிவமைப்பாளர் அதை அனுமதிக்கிறாரா என்று கேட்டு அறிந்தபின்தான். ஒரே துளையை மூன்றாம் முறை தொட நேர்ந்தால் நாங்கள் அந்த உறுப்பையே மாற்றிவிடுகிறோம்.

துரு

அலுமினியத்தில் எஃகுத் தண்டு முறிந்து நிற்கும் இடத்தில் நீர் தங்கினால் ஒரு சிறிய மின்கலமே உருவாகிறது. அதில் கரைவது பெரும்பாலும் அலுமினியம்தான். இந்த மின்வேதி அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருப்பது எங்களுக்குப் பெருமை. அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில் 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் அது திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் கிராய்டனில் விமானம் ஓட்டப் பயின்று, ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தியவர் அந்த அழகப்பச் செட்டியார் என்பதை இந்த வேலையில் ஈடுபடும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

தகடுகள் ஒன்றோடொன்று சேரும் முகங்களுக்குப் பிரைமர் பூசி, அது காய்ந்தபின் பூட்டுங்கள். பிரைமர்களில் ஒன்றான ஜிங்க் குரோமேட் நச்சுத்தன்மை உடையது. கையுறையும் முகக்கவசமும் இன்றி அதைத் தொடாதீர்கள். சோதனை முழுவதும் முடிந்து பச்சைப் புள்ளி வைத்தபின் தலையின் நடுக்குழியைப் பிரைமரால் அடையுங்கள். அதற்கு முன் அடைத்தால் தண்டு முறிந்த இடம் மறைந்துவிடும்.

பதிவேடும் பறந்தபின் சோதனையும்

நம் நாட்டில் இத்தகைய விமானத்தைப் பறக்கவிட விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) அனுமதி வேண்டும். நீங்கள் எப்படிக் கட்டினீர்கள் என்பதற்கு உங்கள் பதிவேடும் நிழற்படங்களுமே சாட்சி. ஒவ்வொரு வரிசைக்கும் நாள், ரிவெட் வகை, பெட்டி எண், இழுத்த எண்ணிக்கை, கழற்றிய எண்ணிக்கை, காரணம் ஆகியவற்றை எழுதுங்கள். கழற்றியதை எழுத வெட்கப்பட வேண்டியதில்லை. எங்கள் ஏட்டின் முதல் பக்கத்தில், கழற்றிய அந்த முதல் வரிசை இன்றும் இருக்கிறது.

பறக்கத் தொடங்கியபின், தளர்ந்த ரிவெட் தானே அடையாளம் காட்டும். தகடும் ரிவெட்டும் உரசி உதிர்க்கும் அலுமினியத் தூள் கருத்து, காற்றோடும் திசையில் தலைக்குப் பின்னே கறுப்புக் கோடாகப் படியும். எங்கள் ஊரில் இதைக் காண்பதற்கு ஒரு தடை உண்டு: எண்ணெய்ப் பசை உள்ள இடமெல்லாம் செம்மண் தூசி ஒட்டி, கறுப்புக் கோட்டையும் எஃகுத் துருவின் பழுப்புக் கறையையும் ஒரே நிறமாக்கிவிடும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் முன் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அடுத்த பறத்தலுக்குப் பின் மீண்டும் பாருங்கள். தூசியானால் எங்கும் பரவலாக விழும். துரு அதே தலையின் நடுவிலிருந்து கசியும். கறுப்புக் கோடு அதே ரிவெட்டின் பின்னால் அதே திசையில் மறுபடி வந்தால், அதற்குச் சிவப்பு வட்டமிட்டு, கழற்றும் முன் அதன் இருபுறமுள்ள ரிவெட்டுகளையும் ஃபீலர் கேஜால் பார்த்து ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.